நீங்கள் விற்ற வீரனின் எலும்புகள்

உப்புமீன் வியாபாரி நிகார்க்கோஸ், தன் மனைவியின் அண்ணன் லூசிப்போஸுக்கு எழுதுவது. மகிழ்ந்திருங்கள் மச்சான். நீங்களும் உங்கள் கப்பலும் நலம் என்று கேள்வி. கடல்தேவன் உங்களை இதுவரை விட்டுவைத்திருப்பதற்காக உங்கள் தங்கை மெலித்தா ஓர் ஆட்டுக்குட்டியைக் காணிக்கை கொடுத்தாள். குட்டி என்னுடையது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதத்துக்கு முன் நீங்கள் எனக்கு விற்ற எலும்புகள் யாருடையவை?

நான் ஏன் வாங்கினேன் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர்ச் சதுப்பில் இருக்கும் அது வருடத்துக்கு ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். ஒன்பது நாளுக்குள் அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து அந்தப் பக்கம் நடந்துவிடுவார். பிறகு நாணலுக்கு நடுவே செருப்பு மட்டும் கிடைக்கும். பழங்காலத்து வீரன் ஒருவனின் எலும்புகளைக் கொண்டுவந்து ஊர் நடுவில் புதையுங்கள், அவன் காப்பான் என்று குறிசொல்லும் கோயிலில் வாக்கு வந்தது. பேரம் பேசத் தெரிந்தவன் என்று ஊர்ச்சபை என்னை அனுப்பியது. உங்கள் தீவின் மலைச்சரிவில் வெளிப்பட்டது என்று நீங்கள் காட்டிய தொடையெலும்பு என் தோள் உயரம் இருந்தது. அந்தக் காலத்து வீரர்கள் நம்மைவிட மும்மடங்கு பெரியவர்கள் என்பது குழந்தைக்கும் தெரியும், நானும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சூரைமீன் ஜாடிகளில் உப்புக்குள் வைத்துக் கொண்டுவந்து சந்தைத் திடலில் புதைத்தோம். குழிக்குள் ஒரு மண்குழாயை இறக்கி, முறைப்படி மாதம் ஒரு கறுப்புக் கடாவின் ரத்தத்தை ஊற்றினோம். சதுப்பு வாயடைத்துப் போனது. திருவிழாவில் எனக்கு முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள்.

மூன்றாம் மாதம் குழாயில் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மண் குடிக்கிறது என்றார் பூசாரி. நாலாம் மாதம், குழாய் வாயில் வைத்த கையை ஏதோ உள்ளே இழுக்கிறது என்று சொல்லி, கையைத் துணியால் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனவர் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. உச்சிவெயிலில் குழாயிலிருந்து வெதுவெதுப்பாக மூச்சு வருகிறது, ஈர மயிர் நாற்றத்தோடு. என் கடை நேரெதிரே. மீன் நாற்றத்தில் எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

ஆறு நாளைக்கு முன் அந்தக் குழாய் பேசியது. "ஃபிலின்னா" என்றது. என் மகள் பெயர். சதுப்பின் குரலைவிடப் பணிவான குரல். மரியாதையாகக் கூப்பிடுகிறது மச்சான். மெலித்தா பெண்ணின் கணுக்காலைக் கம்பளி நூலால் தறியோடு கட்டிப்போட்டிருக்கிறாள். ஃபிலின்னாவோ, "ஏம்மா, இந்த நூல்ல ஒரு வாத்துகூட நிக்காதே, வீரனையா நிறுத்தப்போறே?" என்று சிரிக்கிறாள்.

உங்கள் மாலுமி ஃபைதிமோஸ் நேற்று சரக்கேற்ற வந்தான். தண்ணீர் கலக்காமல் மது ஊற்றிக் கொடுத்தேன். மூன்றாவது கிண்ணத்தில் உண்மை வந்தது.

"எலும்புக்கூடு ஒண்ணு இல்லீங்க, ரெண்டு. ஒண்ணோட விலாவுக்குள்ள இன்னொண்ணோட கை. வெட்டிக்கிட்டே ரெண்டும் செத்திருக்கு. உங்க மச்சான் ரம்பம் வச்சு அறுத்துத்தான் பிரிச்சாரு. இதுல வீரன் எதுங்கன்னு கேட்டேன். பெருசா இருக்கிறதுதான்டான்னாரு. மிச்சம் அவர் கிடங்குல கிடக்கு."

யோசித்துப் பார்த்தேன். ஒன்று வீரன், மற்றது அவன் சண்டையிட்ட அரக்கன். எங்கள் மண்ணுக்குள் இருப்பது அரக்கன் என்றால், அவன் இனி எங்களைத் தின்பான். வீரன் என்றால் இன்னும் மோசம். சதுப்பை அடக்கிவிட்டான், வேறு வேலை இல்லை. சண்டையில்லாத வீரனுக்குத் தீனி போட்டு மாளாது. இரண்டில் எது தனியாக இருந்தாலும் ஊர்தான் இரை. ஆகவே மிச்ச எலும்புகளை உடனே அனுப்புங்கள், பக்கத்திலேயே புதைக்கிறேன். விட்ட சண்டையை அவர்கள் கீழே தொடரட்டும், மேலே நாங்கள் மீன் விற்கிறோம். கப்பல் போக ஒரு நாள், வர ஒரு நாள். ஒன்பது நாளில் மிச்சம் இருப்பது மூன்று. நீங்கள் தாமதித்தால் உங்கள் மருமகளின் செருப்பைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன்.

மெலித்தாவின் அண்ணிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பு. தெய்வங்கள் உங்களை உடல் வலுவோடு வைத்திருக்கட்டும்.

பி.கு.: எலும்புகளை அனுப்ப வேண்டாம். நான் இதை மடிப்பதற்குள் ஃபிலின்னா நூலை அறுத்துக்கொண்டு போய்விட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தால், திடலில் குப்புறப் படுத்துக் குழாயில் வாய் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். பிறகு காதை வைத்துக் கேட்டாள். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள்.

"பாவம்பா. தான் யாருன்னே அவருக்கு மறந்துபோச்சு. யாராவது வந்து சொல்லுவாங்கன்னுதான் கூப்பிட்டிருக்கார். நீங்கதான் வீரர்னு சொன்னேன்."

நம்பிவிட்டாரா என்று கேட்டேன்.

"உடனே நம்பிட்டார். அப்ப அரக்கன் எங்கேன்னு கேட்டார். மாமா பேரைச் சொன்னேன். தீவு எந்தப் பக்கம்னும் சொல்லிட்டேன்."

குழாயில் இப்போது சத்தமில்லை. திடலிலிருந்து துறைமுகம் வரை மண் ஒரு வரப்புப் போல மேலெழும்பி, கடலுக்குள் இறங்கியிருக்கிறது. மச்சான், கிடங்கில் கிடக்கும் எலும்புகளை எடுத்து உங்கள் வாசலில் போட்டுவையுங்கள். வருபவருக்குத் தன் பழைய எதிரியை அடையாளம் தெரிந்தால் நீங்கள் பிழைக்கலாம். ஃபைதிமோஸ் கடிதத்தோடு இந்த நிமிடமே பாய் விரிக்கிறான். அவன் முந்துவானா என்று தெரியவில்லை.