டப்பிங் சொன்ன இந்திப் படங்கள்

இந்தி சினிமாவுக்கு எங்கள் மேல்வீட்டு 'டப்பிங்' எழுதிய அளவுக்கு வேறு யாரும் வசனம் எழுதியதில்லை. அதில் ஒரு வரிகூட எந்தப் படத்திலும் கிடையாது.

தொண்ணூறுகளில், மராத்தி ஊரான சாங்வியில் எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் வேலூர்ப் பக்கத்துத் தமிழர்கள். ஆண்களுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. பெண்களுக்குக் காய் வாங்கும் அளவுக்குத்தான் இந்தி. ஞாயிறு மாலை டிவியில் படம் போட்டால் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடுவார்கள். மேல்மாடியிலிருந்து டப்பிங் இறங்கி வந்து, டிவி பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, வசனத்துக்கு வசனம் தமிழில் சொல்வார். வில்லனின் வசவைக்கூட அட்சரம் பிசகாமல் சொல்லும் மனிதர், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கூசாமல் புளுகுவார்.

ஆணை நேசிக்கும் ஆண் என்றால் அந்தக் காலத்துப் படங்களில் பூப்போட்ட சட்டை, ஒடித்த இடுப்பு, கடைசியில் ஹீரோ கையால் அடி.

"'உன்ன மாதிரி தங்கமான மனுசன் உண்டா'ன்றான் ஹீரோ" என்பார் டப்பிங்.

"அப்ப இன்னாத்துக்குப்பா அறையறான்?" என்று அம்மா கேட்பாள்.

"கொசுதான்க்கா. பம்பாய்ல ஜாஸ்தி."

ஒரு சீரியலில் இப்படி இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஒருவனைச் சாகடித்தால்தான் கதை எழுதியவருக்குத் தூக்கம் வரும் போல. டப்பிங் அவனைத் துபாய்க்கு அனுப்பிவிட்டார்.

"போட்டோவுக்கு மாலை போட்டுக்கீதே?"

"ஆளுதான் ஊர்ல இல்லியேக்கா. வேற எதுக்குப் போடறது?"

பள்ளியில் இந்தி படித்த நான் வாயைத் திறக்கவில்லை. டப்பிங்கோடு குடியிருந்த மராத்திக்காரர் சதீஷ் வெறும் ரூம்மேட் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சில வருஷம் கழித்து அது குடியிருப்பு சொசைட்டி செக்ரட்டரிக்கும் தெரிந்துவிட்டது. உடனே கூட்டம் போட்டார். இந்த ஜோடி குடும்பங்களுக்கு நடுவே இருக்கக் கூடாது, வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று இந்தியில் முழங்கினார். அம்மா பழக்க தோஷத்தில் டப்பிங் பக்கம் திரும்பினாள்.

"இன்னாப்பா சொல்றாரு?"

"தண்ணி டாங்க் கழுவணுமாம்க்கா" என்றார் டப்பிங். பக்கத்தில் சதீஷ் தலை குனிந்திருந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. செக்ரட்டரி சொன்னதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

அம்மா எழுந்தாள். தன் காய்கறிக்கடை இந்தியிலேயே செக்ரட்டரியைப் பிடித்தாள். "ஹம் கித்னா பிக்சர் தேகா. ஐசா ஆத்மி சப் அச்சா ஆத்மி. தும் ஏக் பீ நஹி தேகா?" நாங்கள் எத்தனை படம் பார்த்திருக்கிறோம், இப்படிப்பட்டவர்கள் எல்லாம் நல்லவர்கள், நீ ஒன்றுகூடப் பார்த்ததில்லையா என்று கேட்டாள். வேலூர்ப் பெண்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அவை எந்தப் படங்கள் என்று புரியாமல் செக்ரட்டரி திணறிப்போனார். வீடு தப்பியது.

அடுத்த ஞாயிறு டப்பிங் சதீஷையும் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா பாயில் இடம் விட்டாள்.

இந்தி தெரிந்த பாவத்துக்கு, அந்த நல்ல படங்களில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. அந்த மொழியை அடியோடு மறந்துவிட்டு, டப்பிங் பக்கத்தில் இன்னும் ஒரு ஞாயிறு உட்கார வேண்டும் போலிருக்கிறது.