பாலம் தாண்டி வந்த பிள்ளை

பேருந்தில் யாராவது "இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று எதையாவது நீட்டினால், நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். மூட்டை, முறம், தூக்குச்சட்டி எதுவானாலும் சரி. பார்ப்பவர்கள் திமிர் பிடித்தவன் என்று நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைப் பாதையில் ஒரு பாலத்தில் பழுது வேலை நடந்தபோது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்போது மலைமேல் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். ஆலங்காயத்தில் ஒரு பெண்ணைப் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. அப்பாவும் அம்மாவும் வாணியம்பாடியிலிருந்து நேராகப் பெண் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நான் மலையிலிருந்து இறங்கி, ராகுகாலத்துக்கு முன் வந்து சேர வேண்டும். இதற்கு முன் பார்த்த இடங்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. (ஓரிடத்தில் பெண்ணுக்கு என்னைப் பிடிக்கவில்லை. இன்னோரிடத்தில் அவர்கள் வீட்டு நாய்க்கே பிடிக்கவில்லை.) இதுவும் போனால் இனி எனக்காக யார் வீட்டுப் படியும் ஏறப்போவதில்லை என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

அடிவாரத்துக்குச் சற்று மேலே, காட்டாற்றின் குறுக்கே இருந்தது அந்தப் பாலம். முதலில் ஒரு பாதியை மூடிவிட்டு மறு பாதியில் வண்டிகளை விட்டார்கள். ஒரு மழைக்குப் பிறகு அந்தப் பாதியும் ஆட்டம் கண்டது. ஆட்கள் மட்டும் நடக்கலாம், வண்டிகள் கூடாது என்றாகிவிட்டது. மலையிலிருந்து வரும் பேருந்து இந்தப் பக்கம் நின்றுவிடும். ஆலங்காயத்துப் பேருந்து அந்தப் பக்கம் காத்திருக்கும். நாம் மூட்டை முடிச்சோடு பாலத்தை நடந்து கடந்து வண்டி மாற வேண்டும். புளி ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்க, ஓட்டுநர்கள் அவற்றின் நிழலில் படுத்துத் தூங்கினார்கள். பாதை குறுகிப்போனதால் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து ஆட்களைத்தான் விடுவார்கள். அதற்கென்று சிவப்புக் கொடியோடு ஒருவர் நின்றார். அவர் கொடியைத் தாழ்த்தினால் நடக்கலாம். தூக்கினால் மந்திரியே வந்தாலும் நிற்க வேண்டியதுதான்.

அன்று என் பக்கத்தில் நீலச் சேலை கட்டிய மலைப்பெண் ஒருத்தி இறங்கினாள். தலையில் புளி மூட்டை, இடுப்பில் இன்னும் பேச்சு வராத கைக்குழந்தை.

"ண்ணா, புள்ளய கொஞ்சம் புடிங்கண்ணா. வண்டி மேல இன்னொரு மூட்டை கீது. எறக்கிக்கினு பின்னாலயே வர்றேன்" என்றாள்.

நான் புது டெரிலின் சட்டை போட்டிருந்தேன். மாப்பிள்ளையாகப் போகிறவன் வேறு. அன்று எனக்கு உலகத்தின் மேலேயே அன்பாக இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

கொடி தாழ்ந்தது. கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டே போய் மறுமுனையில் விட்டது. திரும்பிப் பார்த்தால் கொடி தூக்கியாகிவிட்டது. எதிர்ப்பக்கத்து ஆட்கள் பாலத்தை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். அந்த நேரம் பார்த்து, ஆலங்காயத்துப் பேருந்தின் பின்வாசலில் ஒரு நீலச் சேலை மூட்டையோடு ஏறுவது தெரிந்தது. எப்படியோ என்னை முந்திவிட்டாள் என்று நினைத்தேன்.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்று நடத்துனரைக் கேட்டேன்.

"நீங்கதாங்க பாக்கி. ஏறுங்க."

ராகுகாலம் கண்முன் வந்து நின்றது. முன்வாசலில் ஏறிவிட்டேன். உள்ளே கழுத்தைத் திருப்பக்கூட இடமில்லை.

ஆலங்காயத்தில் இறங்கியதும் பின்வாசலுக்கு ஓடிக் குழந்தையை நீட்டினேன். அந்த நீலச் சேலைக்கு அறுபது வயதிருக்கும்.

"எனக்கு எதுக்குப்பா?" என்றாள்.

வயிற்றில் புளியைக் கரைத்தது. மூட்டைப் புளியையும் மொத்தமாகக் கரைத்தது.

நடத்துனர் நல்ல மனிதர். "நீங்க திரும்பிப் போவ, அந்தம்மா வேற எதையாச்சும் புடிச்சி இங்க வர, ரெண்டு பேரும் மாறி மாறித் தேடிக்கினு இருப்பீங்க. நான் அடுத்த நடை போறேன். அந்தம்மா இருந்தா இட்டுக்கினு வர்றேன். நீங்க இங்கயே அசையாம நில்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நின்றேன். குழந்தை வீறிட்டு அழுதது, சட்டையில் கக்கியது, பிறகு என் பொத்தானைக் கடித்துக்கொண்டு சமாதானமானது. கேலியை விட்டுச் சொல்கிறேன், அன்று போல் நான் எப்போதும் பயந்ததில்லை. பெற்றவள் என்னைத் தேடி வேறெங்காவது போய்விட்டால் இந்தப் பிள்ளையை யாரிடம் கொடுப்பேன்? பெண் பார்க்க வந்ததே மறந்துபோயிற்று.

மறக்காத ஒருவர் வந்தார். பெண்ணின் அப்பா. பேருந்து நிலையத்துக்கு எதிரிலேயே அவருடைய சைக்கிள் கடை, அதை ஒட்டி வீடு. புகைப்படத்தில் பார்த்திருந்ததால் நேராக என்னிடம் வந்தார். கும்பிட எடுத்த கை பாதியில் நின்றது.

"வாங்க மாப்ள. இது இன்னாங்க, புள்ள?"

"ஆமாங்க."

"யார் புள்ளைங்க?"

"தெரியலைங்க."

(உண்மையைத்தான் சொன்னேன். அது எல்லா நேரமும் உதவுவதில்லை.) குழந்தை அவருடைய மீசையைப் பார்த்து மிரண்டு, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தது.

"நல்லாத்தான் ஒட்டிக்கினு கீது" என்றார் அவர்.

பாலம், கொடி, நீலச் சேலை, நடத்துனர் என்னை அசையாமல் நிற்கச் சொன்னது எல்லாவற்றையும் விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்யாகப் பட்டது. சைக்கிள் கடை வாசலுக்கு வந்த என் அம்மா என்னைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் தார்ப் பீப்பாய் ஏற்றும் பாலத்து வேலை லாரி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து அவள் குதித்தாள். கையில் ஒரு மூட்டையும் இல்லை. எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஓடிவந்து குழந்தையைப் பிடுங்கி, அதன் கை கால்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னா மனுசன்யா நீ? கொஞ்ச நேரம் நிக்க மாட்டியா? படிச்சவன் மாதிரி கீறியேன்னு நம்பிக் குடுத்தா, புள்ளயத் தூக்கிக்கினு பஸ்ஸு ஏறிட்டியே. அறிவு கீதா உனக்கு?"

அவள் திட்டத் திட்ட எனக்கு உயிர் திரும்பி வந்தது. அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். வெட்கமாகவே இல்லை.

பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். "தோ பாரும்மா. இவர உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தெரிஞ்சிருந்தா இவர் கைல குடுத்திருப்பனா?"

சைக்கிள் கடையை ஒட்டிய ஜன்னலிலிருந்து ஒரு பெண்ணின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெண்ணின் அப்பாவும் சிரித்துவிட்டார். எந்த அதிகாரியிடமும் அப்படியொரு நற்சான்றிதழை நான் வாங்கியதில்லை. தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டார்கள். அடுத்த நடையில் நடத்துனர் இரண்டு புளி மூட்டைகளையும் கொண்டுவந்து சேர்த்தார். ராகுகாலம் வந்து, இருந்து, போயே போய்விட்டது. பெண் பார்க்கப் போனது நான். நன்றாகப் பார்த்தது ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள்தான். எப்படியோ சரியென்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு மாமனார் வீட்டில் நான் எதைத் தொலைத்தாலும், எதை உடைத்தாலும், அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பனா?" என்பார். எங்கள் மகள் பிறந்தபோதும் அவர்தான் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். நீட்டினார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு என் கையில் வைத்து, "இப்ப தெரிஞ்சேதான் குடுக்கறேன் மாப்ள. இங்கயே அசையாம நில்லுங்க" என்றார்.

இப்போது அந்த மகள் தன் பிள்ளையை என்னிடம் கொடுக்கும்போதும் அதையேதான் சொல்கிறாள். யாராவது வந்து வாங்கிக்கொள்ளும்வரை நானும் நின்ற இடத்தைவிட்டு அசைவதில்லை.