பீம் அக்கா விட்ட இரண்டு முழ இடைவெளி

பாளையங்கோட்டையில் எலக்ட்ரான்களுக்காகப் பட்டினி கிடந்த ஒரே பெண் எங்கள் பீம் அக்காதான்.

விடுதியில் என் அறைத்தோழி. இயற்பியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். துகள் முடுக்கிகளில் நெருக்கமாக ஓடும் எலக்ட்ரான் கற்றைதான், அதாவது பீம்தான், அவளுடைய பாடம். பெயரும் அப்படி வந்ததுதான். சாப்பாட்டு வரிசையில் எல்லாரும் முண்டியடிக்க, அவள் மட்டும் இரண்டு முழம் விட்டு நிற்பாள். அந்த இடைவெளியில் நாலு பேர் புகுந்துவிடுவார்கள். அவள் முறை வரும்போது ரசம்தான் மிஞ்சியிருக்கும்.

"ஏட்டி, எலக்ட்ரான் அம்புட்டுக்கும் ஒரே மின்சுமை. கிட்ட நின்னா ஒன்னையொன்னு தள்ளும். கூட்டம் கூடக் கூடக் கற்றை விரிஞ்சி செதறிரும். அதுக்குத்தான் மண்டைய ஒடைக்கேன்."

"நாம என்ன எலக்ட்ரானாக்கா? முன்னால வாங்க, பொரியல் தீருது!"

டவுன் பஸ்ஸிலும் இதே பாடம்தான். "கெளம்புத நேரந்தாம்ட்டி ஆபத்து. மெதுவா போகையிலதான் ரொம்பத் தள்ளும். ஒளியோட வேகத்த நெருங்கிட்டுன்னு வையி, அந்த ஓட்டத்துல பெறக்குத காந்தப்புலம் உள்ளார இழுக்கும். தள்ளுததும் இழுக்குததும் ஏறக்குறைய சரியாயிரும்."

"ஒளி வேகமா? வண்டி இன்னும் வண்ணார்பேட்டையே தாண்டலம்மா. உள்ள நகருங்க!" என்றார் கண்டக்டர்.

என் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது, சொந்தக்காரர்களை ஆளுக்கு இரண்டு முழம் தள்ளி நிறுத்திவிட்டு, தானும் என் பக்கத்தில் அதே இடைவெளி விட்டு நின்றுகொண்டாள். அந்தப் படத்தில் என் மாமியார் பாதிதான் இருக்கிறார். மீதியை இன்றும் தேடுகிறார்.

போன வருடம் அவளுக்குப் புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரத்துக்குள்ளும் எலக்ட்ரான்கள்தான் ஓடுகின்றன. அதில் படுத்ததும், "அண்ணே, மெதுவா விட்டுராதீங்க, செதறிரும்" என்று இயந்திரத்தை இயக்குபவரிடம் சொன்னாளாம்.

என் பத்து மாதக் கைக்குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாமா என்று ஒரு வாரம் குழம்பினேன். மருத்துவரிடம் இரண்டு முறை கேட்டேன். கேட்ட பிறகும் பயம் போகவில்லை. ஆனால் என் மகளை அவள் இன்னும் பார்த்ததே இல்லை. இனி நாள் அதிகம் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். தூக்கிக்கொண்டு போனேன்.

அவளுக்குப் பிடித்தபடி கதவோரமாகவே நின்றேன்.

"ஏன் அங்கனயே நிக்க? இங்கன வா."

"கிட்ட வந்தா உங்களுக்கு ஆகாதேக்கா."

சிரித்தாள். "நான் வேகம் எடுத்துட்டேம்ட்டி. இனித் தள்ளாது."

குறுகலான கட்டில். மகளை மடியில் வைத்துக்கொண்டு தோளோடு தோளாக உட்கார்ந்தேன். அவளுக்கு வலிக்குமோ என்று கொஞ்சம் விலகப் பார்த்தேன். என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். மகள் அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரமே போய்விட்டாள்.

கல்யாணப் படத்தில் எனக்கும் அவளுக்கும் நடுவே அதே இரண்டு முழம். பார்க்கும்போதெல்லாம், அவளை இன்னும் கொஞ்சம் இங்கன நகர்த்தினால் என்ன என்றிருக்கிறது.