சஜ்தாவை விழுந்ததாகச் சொல்லும் கருவியின் சக்தியைக் குறைக்கக் கோரி

பத்துபஸ்தி,
போர்ட் பிளேயர்.

அன்பும் கண்ணியமும் நிறைந்த மருமகனார் ஃபைசான் அவர்களுக்கு மாமா அய்யூப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் என் முழங்கால்களும் அவரவர் வழியில் நலம். அங்கே நீங்களும் நிதாவும் நலமாக இருக்க அல்லாஹ் போதுமானவன். போனில் பேசினால் உங்கள் பக்கத்தில் நிதா இருப்பாள் என்பதால் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

அசைவை உணரும் ராடார் கருவிகள் எவ்வளவு சக்தியில் அலை பரப்பலாம் என்று வரம்பு வகுக்கும் குழுவில் நீங்கள் இருப்பதாகவும், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்றும் நிதா சொன்னாள். நானும் பொதுமக்கள்தான். அவள் டில்லியிலிருந்து அனுப்பி என் ஹால் சுவரில் மாட்டவைத்த அந்தச் சோப்புப்பெட்டி அளவுக் கருவியைப் பற்றித்தான் என் கருத்து. கேமரா கிடையாது, உடம்பில் எதையும் கட்டிக்கொள்ள வேண்டாம், தொடாமலேயே ஆளின் அசைவைப் பிடிக்கும், அத்தா தனியாக விழுந்து கிடந்தால் என் போனுக்குச் சொல்லிவிடும் என்றாள். நல்ல பிள்ளை, சரி என்றேன். மாட்டிய அன்று லுஹர் தொழுதேன். கடைசி சஜ்தாவில் உங்கள் மாமி மர்ஹூமா லத்தீபாவுக்காகக் கொஞ்சம் நீளமாக துஆ கேட்பது என் வழக்கம். நெற்றி பாயில் இருக்கும்போதே போன் அலற ஆரம்பித்தது. தொழுகையில் எப்படி எடுப்பது? நான் எடுக்கவில்லை என்றதும் அவள் பக்கத்து வீட்டு பாலகுமாருக்குப் போட்டுவிட்டாள். நான் தொழுகையை முடித்து ஸலாம் கொடுத்துத் திரும்பினால் பாதி முகத்தில் சவர நுரையோடு அவன் வாசலில் நிற்கிறான். "சாச்சா, சப் டீக் ஹை? விழுந்துட்டீங்களாமே, எழுந்திருக்கவே இல்லையாமே!"

அன்று தொடங்கியது, மாப்பிள்ளை. ஐந்து வேளையும் நான் விழுகிறேன், ஐந்து வேளையும் அவள் போன் செய்கிறாள். பஜ்ரு நேரத்தில் நீங்கள் தூக்கம் கலைந்து கத்துவதும் எனக்குக் கேட்கிறது, மன்னிக்கவும். கருவியைப் பிடுங்கி வைக்கலாம் என்றால் 'தொடர்பில் இல்லை' என்று அதற்கும் ஒரு செய்தி போகிறதாம். போன வாரம் கரண்ட் போனபோது அப்படித்தான் பாலகுமாரை விரட்டினாள். அவன் மின்சார இலாகாக்காரன். கரண்ட் போன நேரத்தில் அவன் வீட்டைவிட்டு வெளியே வந்தால் என்ன ஆகும்? என்னைப் பார்க்க வந்தவனைத் தெருவே வளைத்துக்கொண்டது. கடைசியில் நான்தான் போய் அவனை மீட்டு வந்தேன். இந்தப் பக்கத்திலேயே ஏர்போர்ட் இருக்கிறது, அங்கேயும் ராடார் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அது என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அது தொழுகையம்மா என்று நிதாவிடம் சொல்லாமல் இருப்பேனா? "நீங்க அப்படித்தான் சொல்வீங்க அத்தா. போன வருஷம் பாத்ரூம்ல நிஜமாவே விழுந்தப்பவும் தொழுதுக்கிட்டு இருந்தேன்னுதானே சொன்னீங்க?" என்கிறாள். அப்படிச் சொன்னது உண்மை. இப்போது டாக்டரிடம் கணக்கைக் காட்டியிருக்கிறாள். ஒரு மாதத்தில் நூற்று நாற்பத்தாறு தடவை. நாலு ஜும்மாவைப் பள்ளிவாசலில் தொழுததால் நாலு குறைவு. இத்தனை விழுந்தும் எலும்பு முறியாத மனிதரை நான் பார்த்தே ஆக வேண்டும், உடனே கூட்டி வாருங்கள், இனித் தனியாக விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இருபதாம் தேதிக்கு மெயின்லேண்டுக்கு டிக்கெட் போட்டாயிற்று. திரும்பி வர டிக்கெட் இல்லை. ஐம்பது வருஷம் அபர்டீன் பஜாரில் குடை விற்றவன் நான். மழையே இல்லாத ஊரில் போய் என்ன செய்வேன்? லத்தீபாவின் கபர் இங்கே இருக்கிறது. அவளை விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை.

ஆகையால் என் கருத்து வருமாறு. கருவிக்கும் தொழுகைப் பாய்க்கும் நடுவே ஒன்பதடி. இன்னொரு அறை முழுக்க விற்காத குடைப்பெட்டிகள், பாயை அங்கே மாற்ற வழியில்லை. எட்டடியோடு அலை நின்றுவிடும் அளவுக்கு நாடு முழுவதற்கும் சக்தி வரம்பைக் குறைத்து, இருபதாம் தேதிக்குள் உத்தரவு போட வேண்டும். எத்தனை மில்லிவாட் என்பதை உங்கள் படிப்புக்கே விட்டுவிடுகிறேன்.

உங்கள் பதவி உயரவும், வீட்டில் பரக்கத் பெருகவும், கருவியின் சக்தி மட்டும் குறையவும் துஆ செய்யும்,
மாமா அய்யூப்.

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் பாலகுமார் வந்து, "இதுக்குப் போய் டில்லி வரைக்குமா? டென்ஷன் மத் லோ சாச்சா" என்று கருவியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துவிட்டான். நான் நடமாடுவது தெரிகிறது, பாய் தெரியவில்லை. இரண்டு நாளாக ஒரு போனும் இல்லை. நிம்மதியாகத் தொழுதேன். தொழுது முடித்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிதா திட்டி முடித்ததும் என்ன மீன் வாங்கினீங்க, புளி ஊற்றினீங்களா என்று கேட்பாள். நேற்று சூரை மீன் வாங்கினேன், கேட்க ஆளில்லை. வேலை இருக்கிற பிள்ளை, அவளைச் சொல்லி என்ன? டிக்கெட்டை மட்டும் அவள் பெயருக்கு மாற்றி இந்தப் பக்கமாக அனுப்புங்கள், ஒரு வாரம் இருந்து நான் தொழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும். வரம்பைக் குறைத்துவிட வேண்டாம். கருவியைப் பழையபடி திருப்பிவிட்டேன். பாயையும் ஓரடி அதன் பக்கமாக நகர்த்திப் போட்டிருக்கிறேன்.