பத்தாம் வரைவும் படகின் நிறமும்

அதிகாரத்தை முழுவதுமாகக் கொடுத்துவிட்டு, அதன் காதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் ஓர் இனத்தாரைத் தாங்கள் கண்டதுண்டா, வாசகரே? கடல் கடந்த தீவுகளை ஆளும் ஒரு நாடு, அவற்றின் சட்டங்களைத் திருத்த அனுப்பிவைக்கும் சீர்திருத்த மேற்பார்வையாளர் அவ்வினத்தின் தலைசிறந்த மாதிரி. கப்பலைவிட்டு இறங்கியதும், "இது உங்க நாடு, உங்க சட்டம். நான் சும்மா பார்க்க வந்தவன்" என்பார். மறுநாள் காலையில், சிவப்பு மை எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார்.

அவர் அறைக்கு எதிர் அறையில் இருந்தார் சட்ட அலுவலகத் தலைமை எழுத்தரம்மாள். அம்மாள் வேண்டியது ஒரே ஒரு வரி: புறத்தீவிலிருந்து நோயாளியை ஏற்றிவரும் அவசரப் படகு புறப்பட, மேற்பார்வையாளரின் கையொப்பம் வேண்டாம், அங்குள்ள மருத்துவரின் சொல்லே போதும். அம்மாளின் தங்கை அந்தப் புறத்தீவில் எட்டு மாதக் கர்ப்பிணி.

ஒரு வரிக்கு ஒன்பது வரைவுகள் போயின, ஒன்பதும் திரும்பின. "இதில உங்க குரல் கேட்கலையே" என்று துரை (மேற்பார்வையாளருக்கு அலுவலகம் வைத்த பெயர்) வருந்தி, தம் குரலில் இரண்டு பத்திகள் சேர்ப்பார், அடுத்த வரைவில் அப்பத்திகளைக் கண்டு, "யார் எழுதினது இது?" என்று சிவப்பு மையால் அடிப்பார்; அடித்த கை ஓயாமல், பக்கத்து வரியிலிருக்கும் மருத்துவரையும் சேர்த்து அடித்துவிடுவார்.

தங்கை தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, உன் சட்டம் முதல்ல வருமா, என் பிள்ளை முதல்ல வருமா?"

"கொஞ்சம் பொறுத்துக்கோடி."

"என்கிட்ட ஏன் சொல்றே? வயித்துக்குள்ள இருக்கிறவங்ககிட்ட சொல்லு."

அன்று மாலை அம்மாள் ஒன்பது வரைவுகளையும் மேசைமீது வரிசையாகப் பரப்பி, சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். உண்மை புலப்பட்டது. துரைக்கு அடிப்பதற்கு ஏதாவது வேண்டும். அசட்டுத்தனம் அகப்படாத பக்கத்தில் அறிவை அடிக்கிறார்.

பத்தாம் வரைவில் மருத்துவர் வரிக்குக் கீழே புதிதாக ஒரு விதி முளைத்தது: 'அவசரப் படகுகள் அனைத்துக்கும் மாம்பழ மஞ்சள் நிறம் பூசப்படும்.'

துரையின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? இதுக்குத்தான் ஒருத்தர் கூட இருக்கணும்கிறது" என்று மஞ்சளை அடித்தார், 'சாம்பல்' என்று எழுதினார், நிறைந்த மனத்தோடு கையொப்பமிட்டார்.

அதற்குப் பன்னிரண்டாம் நாள், மருத்துவர் சொன்ன மாத்திரத்தில் சாம்பல் நிறப் படகொன்று புறப்பட்டது. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

துரையும் நலம். 'சீர்திருத்தம் நிறைவேறியது. ஆயினும் இம்மக்கள் இன்னும் படகுக்கு மஞ்சள் பூசும் நிலையிலேயே இருக்கிறார்கள்' என்று தம் நாட்டுக்கு அறிக்கை அனுப்பினார். பதவி நீட்டிக்கப்பட்டது.

"இன்னும் ரெண்டு வருஷமாம்க்கா" என்றாள் தட்டச்சுக்காரி.

"இருக்கட்டும். நம்மகிட்ட இன்னும் நிறைய நிறம் இருக்கு."

சிரிக்கிறீர்கள். நல்லது. சென்ற வாரம் மகளிடம், "உன் படிப்பு, உன் விருப்பம்மா, நீயே முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டு, அவள் விண்ணப்பத்தை நிரப்பும்போது நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தீர்களே, அப்போது தங்கள் கையில் இருந்த பேனாவுக்கு மூடி இருந்ததா?