வட மசிடோனியா தேவை

“இத்தாலிக்கு இடமில்ல தம்பி,” என்றார் கபூர் ஹாஜியார்.

ஸ்ரீதரன் சிரித்தான். யட்டியாந்தோட்டை பஜாரில் ஆணி, பூட்டு, பெயின்ட் விற்கும் ஹாஜியார் கடை திறந்த கையோடு வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தான்.

“சிரிக்க வேணாம். நான் நடத்தப்போறது உலகக் கிண்ணம். கட்டாருக்குப் போற நாட்டோட பேர்லதான் டீம் விளையாடலாம். இத்தாலி கட்டாருக்குப் போகல்ல. அப்ப இங்கயும் இல்ல. அதுதான் சட்டம்.”

“யாரு போட்ட சட்டம் ஹாஜியார்?”

“கிண்ணம் யாரு குடுக்கிற? நான்தானே. சட்டமும் நான்தான்.”

கட்டாரில் உலகக் கிண்ணம் தொடங்க இரண்டு வாரம் இருந்தது. அதையொட்டி, சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு ஹாஜியார் ஏழு பேர் ஆடும் உதைபந்தாட்டப் போட்டி ஒன்றை அறிவித்திருந்தார். எட்டு அணிகளுக்கு இடம். ஏழு அணிகள் ஏழு நாட்டுப் பெயர்களில் பதிந்துவிட்டன. மீதமிருந்த ஓர் இடம் தனக்குத்தான் என்பதில் ஸ்ரீதரனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வெலிஹேன தோட்டத்து மேல் டிவிஷன் அணிக்கு அவன் தலைவன். மூன்று வருஷமாகப் பொங்கல் கிண்ணம் அவர்களிடமே இருக்கிறது.

மிலான் நகரத்தில் வேலை செய்யும் மச்சான் இத்தாலியின் நீலச் சட்டைகளை ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருந்தான். அன்றிலிருந்து மேல் டிவிஷனுக்குப் பெயர் இத்தாலி.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவி கிருஷ்ணகுமாரி, “ஜப்பானும் நீலச் சட்டைதானே. ஜப்பான்னு பேரு குடுத்துட்டு வாங்களேன்,” என்றாள்.

“நாலு தடவ உலகக் கிண்ணம் எடுத்த நாடு. போன வருஷம் ஐரோப்பாக் கிண்ணமும் எடுத்தாங்க. வட மசிடோனியாகிட்ட கடைசி நிமிஷத்துல ஒரு கோல் வாங்கிட்டாங்க. அதுக்காக நாட்டையே மாத்திக்குவாங்களா?”

“இத்தாலிக்காரங்க மாத்த வேணாங்க. நீங்க மேல் டிவிஷன்தானே.”

ஸ்ரீதரன் தேத்தண்ணீரைக் குடித்தான். இந்த மாதிரிப் பெரிய விஷயங்கள் வீட்டில் பேசித் தீர்வதில்லை.

மறுநாள் தீர்வோடு கடைக்குப் போனான்.

“இத்தாலி தகுதி பெறலன்னுதானே உங்க பிரச்சினை? தகுதிகாண் போட்டி வைங்க. எங்க இத்தாலியும் வட மசிடோனியாவும். அங்க தோத்தத இங்க ஜெயிச்சுக் காட்டுறோம்.”

ஹாஜியார் தாடியைத் தடவினார். “தோத்தா?”

“தோக்க மாட்டோம்.”

“தோத்தா எட்டாவது இடம் அவங்களுக்கு. பொறகு எங்கிட்ட வந்து சண்டை பிடிக்கப்படாது.”

“தாராளமா.”

“சரி. ஞாயித்துக்கிழம மெட்ச். ஆனா அந்த வட மசிடோனியா எங்க இருக்கு?”

ஸ்ரீதரன் அதை யோசிக்கவில்லை. “அத நான் பாத்துக்கிறேன்,” என்றான்.

வட மசிடோனியாவாக இருக்க யாரும் சம்மதிக்கவில்லை. கீழ் டிவிஷன்காரர்கள் அப்படி ஒரு நாடே இல்லையென்றார்கள். பஜார் சலூன்காரர், “தோக்கிறதுக்கு நான் ஏன் கடையப் பூட்டணும்?” என்று கேட்டார். கடைசியில், தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பு ஓட்டும் நாகலிங்கம் அண்ணன் ஒப்புக்கொண்டார். அவருக்கு ஐம்பது வயது. மழைக்காலத்தில் வலது முழங்கால் மடங்காது. அது மழைக்காலம்.

“ஓட மாட்டேன் தம்பி. நிப்பேன்.”

“நின்னா போதும்ணே.”

நாகலிங்கம் தன் மைத்துனர் மூவரையும் கோயில் மேளக்காரரையும் கூட்டிவந்தார். ஐந்து பேர். ஹாஜியார் எண்ணிப் பார்த்துவிட்டு, “ஏழு பேர் இல்லாம டீமா?” என்றார்.

“அவ்வளவுதானே,” என்று ஸ்ரீதரன் தன் அணியிலிருந்து இரண்டு பேரைத் தூக்கிக் கொடுத்தான். அதில் ஒருவன் சதீஸ். பொங்கல் கிண்ணத்தில் அதிக கோல் அடித்தவன்.

“அண்ணே, யோசிச்சுத்தான் செய்யுறீங்களா?” என்றான் சதீஸ்.

“நீ இல்லன்னாலும் நாங்க ஜெயிப்போம். அதுதான்டா பலமான டீம்.”

இரண்டு காலி இடத்துக்கும் ரப்பர் பெக்டரியில் தன்னோடு வேலை செய்யும் இரண்டு பேரைச் சேர்த்தான். அவர்கள் ரப்பர் ஷீட் உருட்டுவதில் கெட்டிக்காரர்கள்.

முதல் நாள் பயிற்சியில் மேளக்காரர் பந்தை உதைத்தார். செருப்புத்தான் போனது. பார்த்துக்கொண்டிருந்த ஹாஜியார் தலையை ஆட்டினார். “இது நாடகம் தம்பி. இப்படி டீமோட விளையாடி ஜெயிச்சா நான் ஏத்துக்க மாட்டன்.”

“விளையாட வச்சுக் காட்டுறேன் ஹாஜியார்.”

அந்த வாரம் முழுக்க, பெக்டரி விட்டதும் ஸ்ரீதரன் வட மசிடோனியாவைப் பழக்கினான். தன் அணி எந்தப் பக்கத்தால் பந்தைக் கொண்டுவரும், யார் யாருக்குக் கொடுப்பார்கள், எங்கே நின்றால் அதை மறிக்கலாம் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தான். நாகலிங்கத்தைத் தோளில் பிடித்து எதிரணி கோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, “நம்ம விளையாட்டுல ஓஃப்சைட் கிடையாது. இங்கேயே நில்லுங்கண்ணே,” என்றான்.

இரவு சாப்பிடும்போது, “மேளக்காரர் இப்ப நல்லாப் பந்து குடுக்கிறாரு,” என்று பெருமையாகச் சொன்னான்.

“ரெண்டு டீம்ல உங்க டீம் எதுங்க?” என்று கேட்டாள் கிருஷ்ணகுமாரி.

ஞாயிற்றுக்கிழமை தூறலோடு விடிந்தது. மைதானத்தைச் சுற்றித் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து வந்தவர்கள் குடைகளோடு நின்றார்கள். ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு விசிலோடு நடுவில் நின்றார். அந்த நேரம் பார்த்து, வட மசிடோனியாவுக்குக் கோல் காக்க வேண்டிய மைத்துனர் சேற்றில் சறுக்கிக் கையைச் சுளுக்கிக்கொண்டார்.

“ஏழு பேர் இல்ல. மெட்ச் இல்ல,” என்று ஹாஜியார் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“இருங்க இருங்க,” என்றான் ஸ்ரீதரன். “சுதாகரன், நீ அந்தப் பக்கம் போ.”

சுதாகரன் இத்தாலியின் கோல்காப்பாளர். மூன்று வருஷமாக அவனைத் தாண்டிப் பந்து போனதே அபூர்வம்.

“அப்ப நம்ம கோலுக்கு?”

“நான் நிக்கிறேன். எங்களுக்கு ஆறு பேரே போதும் ஹாஜியார்.”

ஸ்ரீதரன் அதற்கு முன் கோல் காத்ததில்லை. ஆனாலும் நிற்கிற விதத்தைப் பார்த்தால் பிறந்ததிலிருந்தே அங்கே நிற்பவன் போல இருந்தது.

இத்தாலி வந்து வந்து அடித்தது. சுதாகரன் பிடித்துக்கொண்டே இருந்தான். யார் எந்த மூலைக்கு அடிப்பார்கள் என்று அவனுக்கு அடிப்பதற்கு முன்னாலேயே தெரியும். இத்தாலி கொண்டுபோன பந்தையெல்லாம் மேளக்காரர், ஸ்ரீதரன் சொல்லிக்கொடுத்த இடத்தில் நின்று மறித்தார். “அப்படித்தான்!” என்று ஸ்ரீதரனே ஒரு தடவை தன்னை மறந்து கத்திவிட்டான்.

கோல் எதுவும் விழாமல் நேரம் முடியப்போனது. வட மசிடோனியாவுக்குப் போன சதீஸ் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தான். ஸ்ரீதரன் சரியான பக்கத்துக்குத்தான் பாய்ந்தான். ஆனால் பந்து அங்கே வரவில்லை. சொன்ன இடத்தில் அசையாமல் நின்ற நாகலிங்கத்தின் மடங்காத முழங்காலில் பட்டு, மற்றப் பக்கத்தால் உள்ளே உருண்டது.

“என்ன ஆச்சு?” என்று கேட்டார் நாகலிங்கம்.

விசில் ஒலித்தது. வட மசிடோனியா ஒன்று, இத்தாலி பூச்சியம். ஹாஜியார் வானத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டு, அந்த வாரம் முழுக்க இல்லாத சிரிப்போடு போனார்.

சட்டைகளைத் துவைக்கப் போட்டபோது ஸ்ரீதரனுக்கு முதல் தடவையாகத் தான் செய்தது உறைத்தது. தன் ஆட்களுக்கு அபூர்வமாகக் கிடைத்த பெரிய போட்டி. அதைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டான். கிருஷ்ணகுமாரி பக்கத்தில் உட்கார்ந்து சவர்க்காரம் போட்டாள். அது அவள் கேலி செய்வதைவிடக் கஷ்டமாக இருந்தது.

போனை எடுத்து நோண்டினான். கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றான்.

“வட மசிடோனியாவும் கட்டாருக்குப் போகல. அடுத்த மெட்ச்லயே போர்த்துக்கல்கிட்ட தோத்துட்டாங்க. ஹாஜியார் சட்டப்படி அவங்களுக்கும் இடமில்ல.”

“அப்ப?”

“அப்ப இடம் காலி.” குரலைத் தாழ்த்திச் சொன்னான். “ஜப்பான்னே குடுத்துடுறேன்.”

மறுநாள் வேலை முடிந்து கடைக்குப் போனபோது ஹாஜியார் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். கடையில் வேலை செய்யும் இன்ஷாப் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். ஸ்ரீதரன் போர்த்துக்கல் கதையை ஆதாரத்தோடு எடுத்துச் சொல்லி, “ஜப்பான்னு எழுதிக்கங்க,” என்றான்.

இன்ஷாப் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கட்டார் சட்டமெல்லாம் சும்மா ஒரு சாட்டுண்ணே. ஒங்க டீம் வந்தா நாங்க வர மாட்டோம்னு ஏழு டீமும் சொல்லிட்டாங்க. மூஞ்சிக்கு நேர ஒங்கள வேணாம்னு சொல்ல ஹாஜியாருக்கு ஏலாமப் போச்சு.”

ஸ்ரீதரனின் முதுகு தானாக நிமிர்ந்தது. ஏழு அணிகள். அத்தனை பேரும் மேல் டிவிஷனுக்குப் பயந்திருக்கிறார்கள். இத்தாலிக்குக்கூடக் கிடைக்காத மரியாதை.

“சரி விடுங்க,” என்றான் பெருந்தன்மையோடு. “நாங்கதான் தோத்துட்டோமே. இனி அவங்க பயப்படாம வந்து விளையாடட்டும்.”

“எங்கண்ணே வாற? ஒங்களையே அடிச்ச டீம் ஒண்ணு வருதுன்னு கேள்விப்பட்டதும் ஏழு டீமும் பேர வாபஸ் எடுத்துட்டாங்க. மிஞ்சினது ஒரே ஒரு டீம்தான். காலையிலதான் நாகலிங்கம் அண்ணன் வந்து கிண்ணத்தக் கொண்டு போனாரு.”