ஆறு தடவை பார்த்த பாடம்

"ஆறு தடவ பாத்திருக்கான் டீச்சர். ஒரே பாடத்த. ஒரே நாள்ல."

ஜெயக்குமார் கணினித் திரையை ஜெகதீஸ்வரி பக்கம் திருப்பினார். அருப்புக்கோட்டையில் ஒரு துணிக்கடை மாடியில் அவர் நடத்தும் இணைய வழி டியூஷனில் ஐந்து ஆசிரியர்கள். மற்ற நால்வரின் பாடங்களை முப்பது, நாற்பது பிள்ளைகள் பார்த்தார்கள். பத்தாம் வகுப்பு அறிவியல் நடத்தும் ஜெகதீஸ்வரிக்கு ஒரே ஒரு மாணவன். பெயர் சகாபுதீன். எம்.ரெட்டியபட்டிப் பக்கம்.

தினமும் காலை ஒன்பது மணிக்குள் மூன்று தடவை. நாலு மணிக்கு மேல் மூன்று தடவை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை.

"ஆறு தடவ பாத்தும் புரியலன்னா கோளாறு அவன்ட்ட இல்ல," என்றார் ஜெயக்குமார். "ஒருத்தனுக்குப் புரிஞ்சாத்தான் அவன் நாலு பேர்ட்டச் சொல்லுவான்."

மாதக் கடைசிக்குள் இருபது பிள்ளைகள் சேராத பாடத்தை நிறுத்திவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். ஜெகதீஸ்வரி பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தைப் போன வருடம் மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு கிடைத்த வேலை இது ஒன்றுதான்.

கோளாறு எது என்பதும் ஜெயக்குமாருக்குத் தெரிந்திருந்தது. எழுதுவதை எல்லாம் வாயாலும் சொல்வது அவள் பழக்கம். பழைய பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்குப் பலகை தெரியாது. அதனால் வந்தது. "நடுவுல ஒரு கோடு போடு. எடது பக்கம் மேல ஒரு ரூம்பு, கீழ ஒரு ரூம்பு. ரெண்டுக்கும் நடுவுல கதவு" என்று இதயத்தை வீடு கட்டுவது போலக் கட்டுவாள்.

"இது ரேடியோ இல்ல டீச்சர். படந்தான் பேசணும்."

படம் பேச வைக்க மாரிசெல்வம் வந்தான். கல்யாண வீடியோ எடுப்பவன். இதயம் என்றதும் அவனுக்குக் கை தன்னால் ஓடியது. சிவப்பு இதயம் ஒன்று பூப்போல விரிந்தது. இரண்டு பக்கமும் புறா. பின்னணியில் வயலின். புறாவை எடுத்துவிடச் சொன்னாள் ஜெகதீஸ்வரி. எடுத்தால் இடம் வெறிச்சென்று இருக்கும் என்று அவன் வருத்தப்பட்டான். கடைசியில் புறாக்கள் வென்ட்ரிக்கிளுக்குக் கீழே போய் உட்கார்ந்தன.

ரத்தம் போகிற வழியை நீல அம்பும் சிவப்பு அம்பும் காட்டின. அதற்கு மேல் அவள் பேச என்ன இருக்கிறது? இருபது நிமிடப் பாடத்தில் அவள் பேச்சு நாலு நிமிடமாகச் சுருங்கியது. மீதி வயலின்.

மறுநாள் சகாபுதீன் நாலு தடவைதான் பார்த்தான்.

ஜெயக்குமார் எல்லாருக்கும் வடை வாங்கி வரச் சொன்னார். ஆறு நாலாகிவிட்டது, பையனுக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. ஜெகதீஸ்வரியும் ஒரு வடை தின்றாள். பல நாளுக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

அன்று சாயங்காலம் பாடத்துக்குக் கீழே சகாபுதீன் ஒரு வரி எழுதியிருந்தான். "டீச்சர் பேச்சக் காணோம்."

சத்தம் குறைச்சல் போலிருக்கிறது என்றார் ஜெயக்குமார். மாரிசெல்வம் வயலினைக் கூட்டினான்.

அதற்கு மறுநாள் இரண்டு தடவை.

"இன்னும் ஒரு படிதான் டீச்சர்," என்றார் ஜெயக்குமார். "சும்மா பாத்துக்கிட்டே இருந்தா எப்பிடி? அவனும் கையத் தூக்கிப் பதில் சொல்லணும்ல?"

இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை பாடம் தானாக நின்றது. திரையில் ஒரு கேள்வி வந்தது, கீழே நாலு விடைகள். சரியான விடையைத் தொட்டால்தான் பாடம் மேலே ஓடும்.

அன்று அவன் ஒரு தடவைதான் பார்த்தான். ஆனால் இருபது நிமிடப் பாடத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்திருந்தான். விடைகளை வாசித்த மாதிரியே தெரியவில்லை. மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தொட்டிருந்தான், திறக்கும் வரைக்கும். சில கேள்விகளில் எட்டு நிமிடம் தொடவே இல்லை.

"தூங்குறான்," என்றார் ஜெயக்குமார்.

அதற்கும் வழி செய்தார்கள். அரை நிமிடத்துக்குள் விடையைத் தொடாவிட்டால் சங்கு ஊதும். பாடம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். மாரிசெல்வம் தீயணைப்பு வண்டியின் சங்கைத் தேடிப்பிடித்துச் சேர்த்தான். போதாததற்கு, நாலு அறைகளின் பெயரையும் விரலால் இழுத்துக் கொண்டுபோய் அந்தந்த அறையில் விட வேண்டும் என்று ஒரு விளையாட்டும் வைத்தான். சரியாக விட்டால் புறா பறக்கும்.

மறுநாள் சகாபுதீன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. ஜெயக்குமார் கோபப்படவில்லை. நல்லபடியாக ஒரு சான்றிதழ் எழுதித் தருவதாகச் சொன்னார். "உங்க மேல குத்தமில்ல டீச்சர். நம்மளும் எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டோம்ல."

எல்லாவற்றையும் செய்ததுதான் ஜெகதீஸ்வரியை உறுத்தியது. வேலை போவது ஒரு பக்கம். ஒரு பையன் தினமும் ஆறு தடவை வந்து உட்கார்ந்தான். அவனைச் சங்கு ஊதி விரட்டியிருக்கிறாள்.

பதிவேட்டில் இருந்த எண்ணுக்கு நாலு முறை அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. பிறகு சார்ட் அட்டை ஒன்று வாங்கி, தன் கையாலேயே இதயத்தை வரைந்தாள். புறா இல்லாமல். அதைச் சுருட்டிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் போதும் என்று நினைத்தாள். வேலைக்காக இல்லாவிட்டாலும், அவனுக்காக.

எம்.ரெட்டியபட்டியில் இறங்கும்போது நாலே கால். பதிவில் இருந்த ஊர் இன்னும் ஏழு கிலோமீட்டர் உள்ளே. ஷேர் ஆட்டோ மட்டும்தான் போகும். ஒரு ஆட்டோ பள்ளிக்கூடப் பிள்ளைகளால் நிறைந்து நின்றது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் இடம் இருந்தது. அவர் தலையசைத்தார். ஏறி உட்கார்ந்தாள். பதினெட்டுப் பாடங்களில் வந்த முகம் அவளுடையது. யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"அண்ணே, இன்னைக்கும் பாட்டுத்தானா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளை சலிப்பாகக் கேட்டாள்.

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். தலைக்கு மேல் இருந்த பெரிய ஸ்பீக்கரில் ஏதோ பாட்டு மெதுவாக ஓடியது. சோளக் காடு தாண்டிச் சீமைக் கருவேல மரங்களுக்குள் பாதை போனது. ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் சார்ட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். பாதி தூரம் வந்தபின் மெல்லக் கேட்டாள்.

"தம்பி, உங்க ஊர்ல சகாபுதீன்னு ஒரு பையன். பத்தாங்கிளாஸ் படிக்கான். இதயத்துல நாலு ரூம்பு இருக்குல்ல, அது அவனுக்குப் புரியாமக் கெடக்கு. வீடு எதுன்னு தெரியுமா?"

பின்னால் பேச்சு நின்றது.

பை ஒன்றின் ஜிப் திறந்தது. பிறகு இன்னொன்று. நோட்டுகள் விரியும் சத்தம் வரிசையாகக் கேட்டது. யாரோ பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுத்தார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். பதிமூன்று பிள்ளைகள் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். முன்னால் இருந்தவளின் நோட்டில் கோணல் மாணலாக ஒரு இதயம். இடது பக்கம் மேலே ஒரு அறை, கீழே ஒரு அறை, நடுவில் கதவு. வலது பக்கம் வெறுமையாக இருந்தது.

ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்திப் பாட்டை அணைத்தார்.

"சகாபுதீன் நாந்தான் டீச்சர். காலைல மூணு நடை, சாயங்காலம் மூணு நடை, நாப்பது பிள்ளைக இந்த ஸ்பீக்கர்ல உங்க பேச்சக் கேட்டுத்தான் படம் வரையுதுக. நீங்க கேள்விக்குக் கேள்வி வண்டிய ஓரங்கட்ட வச்சா, நான் எப்ப இதுகளக் கொண்டுபோய்ச் சேக்குறது?"